வளவில் ஒரு வெள்ளைப் பந்தல்

பிரான்சின் நாட்டுப்புறத்துக்கு எந்த நேரத்தில் வேண்டுமானாலும் போய் இறங்கலாம், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் இறங்கக்கூடாது. நாங்கள் அந்த நேரம் பார்த்துத்தான் இறங்கினோம். தொர்தோன் ஆற்றுப் பக்கத்தில் ஒரு சின்ன ரயில் நிலையம். எங்களோடு இறங்கியவர்களைக் கூட்டிப்போக ஆட்கள் வந்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் நானும் என் மனைவி மனோவும் எங்கள் பெட்டிகளும் ஒரு பூனையும்தான் மிச்சம். எதிரே கார் வாடகைக்குக் கொடுக்கும் கடை பூட்டிக் கிடந்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தால் மேசையில் எங்களுக்கான சாவிகூடத் தெரிந்தது.

"என்ன, ஆக்கள் ஒருத்தரையும் காணேல்ல?" என்றாள் மனோ.

"சாப்பிடப் போயிட்டினம்."

"எல்லாரும் ஒண்டாவோ?"

எல்லோரும் ஒன்றாகத்தான். கார்க் கடை, மருந்துக் கடை, தபால் கந்தோர், நிலையத்தின் டிக்கட் ஜன்னல் எல்லாமே பூட்டு. ஒரு கையில் சாண்ட்விச்சும் மறு கையில் தொலைபேசியுமாக ஓடும் லண்டன் சனத்தைப் பார்த்துப் பழகிய எனக்கு அந்தப் பூட்டுகளைக் கண்டதும் மரியாதைதான் வந்தது. மனோவுக்கு வரவில்லை. கைப்பையில் இருந்து மீன் ரோல்ஸை எடுத்து எனக்கு இரண்டும் பூனைக்கு ஒன்றும் தந்தாள். நிலையத்து வாங்கில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

எதற்காக அங்கே போனோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் லண்டனில் முப்பது வருடம் பாதாள ரயில் ஓட்டியவன். குளிர்காலத்தில் இருட்டோடு வேலைக்குப் போய், இருட்டுக்குள் வேலை செய்து, இருட்டியபின் இல்ஃபோர்டுக்குத் திரும்புவேன். ஓய்வு பெற்றதும் எனக்கு ஒரே ஒரு ஆசை வந்தது. ஜன்னலைத் திறந்தால் மரங்கள் தெரிகிற, சத்தமில்லாத ஒரு வீடு. கணினியில் தேடித் தேடி, வால்நட் தோப்புகளுக்கு நடுவில் ஒரு கிராமத்தில் பழைய கல்வீடு ஒன்று விற்பனைக்கு இருப்பதைக் கண்டுபிடித்தேன். படத்தைப் பார்த்த நாளில் இருந்து எனக்கு நித்திரை சரியாக வரவில்லை.

மனோ வேறு மாதிரி. அவள் கவுன்சில் நூலகத்தில் வேலை செய்கிறாள். ஆனால் அவளுடைய உண்மையான உத்தியோகம் செத்தவீடுகள்தான். இல்ஃபோர்டிலோ வால்தம்ஸ்டோவிலோ எங்கள் ஆட்களில் ஒருவர் கண்ணை மூடினால் முதல் தொலைபேசி அழைப்பு அவளுக்கு வரும். அந்த வீட்டில் அடுப்பு எரியக்கூடாது என்பதால் எந்த நாள் யார் சமைத்துக் கொண்டுபோவது, எரியூட்டும் இடத்தில் கிடைக்கிற அரை மணித்தியாலத்துக்குள் யார் பேசுவது எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்துவாள். எங்கே பயணம் போனாலும் கஞ்சி நிறத்தில் ஒரு பருத்திச் சேலையைப் பெட்டியின் அடியில் வைப்பாள். ஏன் என்று கேட்டால், "எங்க எப்ப தேவைப்படும் எண்டு ஆருக்குத் தெரியும்?" என்பாள்.

அவளுடைய அப்பா இடம்பெயர்ந்த காலத்தில், யாரோ ஒருவருடைய வீட்டு வளவில், ஷெல் சத்தத்துக்குள் இறந்துபோனார். தூக்குவதற்கு நாலு பேர் சேரவில்லை. அவளுடைய அம்மாவும் ஒரு பக்கம் பிடித்தார். மனோ அதைப்பற்றிக் கதைப்பதே இல்லை. அதற்குப் பிறகு எந்தச் செத்தவீட்டையும் அவள் தவறவிடவில்லை.

ஆகவே பிரான்சுப் பயணத்துக்கு அவள் போட்ட நிபந்தனை இதுதான்: "பாக்க வாறன். வாங்க வரேல்ல."

எங்களுக்குத் தங்க இடம் தந்தவர் மதாம் ஓடெத். எழுபதுகளின் கடைசியில் இருந்தார். உயரமானவர், கை இரண்டும் வால்நட் தோல் உரித்துக் கறுத்திருந்தன. தன் வீட்டோடு ஒட்டியிருந்த சின்னக் கல்வீட்டை வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, எங்களுக்குப் பிரெஞ்சு தெரியாது. கையால் அடுப்பைக் காட்டினார், சாவியைத் தந்தார், முட்டைகள் நிறைந்த ஒரு கூடையை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அவருடைய வாசலில் பெரிய ஆம்பிளைச் சப்பாத்து ஒரு சோடி இருந்தது. மேலே ஆணியில் ஒரு தொப்பி தொங்கியது.

"புருசன் இருக்கிறார் போல. வெளியில காணேல்ல. படுக்கையில கிடக்கிறாரோ தெரியாது" என்று மனோ அன்றைக்கே முடிவுகட்டிவிட்டாள்.

விற்பனைக்கு இருந்த வீடு தெருவின் மறுபக்கம். அடுத்த நாள் காலை வீட்டுத் தரகர் வந்து திறந்து காட்டினார். தேன் நிறக் கல், தடித்த சுவர், சமையலறையில் ஆள் நிற்கக்கூடிய கணப்படுப்பு. ஜன்னலைத் திறந்தேன், நான் கனவு கண்ட மரங்கள் அப்படியே நின்றன. ஒரு சத்தமும் இல்லை.

மனோ குசினிக் குழாயைத் திறந்து பார்த்தாள். கூரையைப் பார்த்தாள். பிறகு வெளியே போய் நின்றுகொண்டு, "உந்தப் பெரிய வளவை ஆர் கூட்டுறது?" என்றாள். தெருவைப் பார்த்த பெரிய வளவுதான். ஓரத்தில் ஒரு வால்நட் மரம் இலை உதிர்த்துக்கொண்டு நின்றது.

தரகருக்கு ஆங்கிலம் நன்றாக வந்தது. பிரித்தானியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் விசா இல்லாமல் ஒரேயடியாக மூன்று மாதத்துக்கு மேல் தங்க முடியாது என்று அவர் நினைவூட்டினார். எனக்கு அது கெட்ட செய்தி. மனோவின் முகம் கொஞ்சம் மலர்ந்தது. அவர் போனபின் நான் அவளிடம் நேராகவே கேட்டேன்.

"உமக்குப் பிடிக்கேல்லையோ?"

"வீடு வடிவுதான். ஆனா இஞ்ச நாங்கள் செத்தா ஆர் வருவினம்?"

"மனோ, நாங்கள் சாக வரேல்ல. சீவிக்க வாறம்."

"அது ரண்டும் ஒரே இடத்திலதானே நடக்கும்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினாள்.

கதைத்து வேலையில்லை, ஊரைக் காட்டி மனத்தை மாற்றுவோம் என்று நினைத்தேன். அன்று பின்னேரம் பதிராக் என்ற இடத்துக்குப் போனோம். புல்வெளிக்கு நடுவில் பூமி அப்படியே உள்ளே விழுந்த மாதிரி ஒரு பெருங்குழி. ஒரு காலத்தில் சைத்தான் காலால் உதைத்து உண்டாக்கியது என்று ஊர்க் கதை. விளிம்பில் நின்று குனிந்து பார்த்தால், அடியில் நிற்கிற மனிதர்கள் உழுந்து அளவுக்குத் தெரிகிறார்கள். இரும்புப் படிகளில் இறங்க இறங்க வெயில் மேலே ஒரு வட்டமாகச் சுருங்கியது. சுவரெல்லாம் பாசியும் இறகுபோல் விரிந்த பன்னச் செடியும், எங்கிருந்தோ தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

அடியில் ஒரு ஆறு ஓடுகிறது. தட்டையான படகில் எங்களை ஏற்றி, ஒரு பெடியன் நின்றபடி துடுப்புப் போட்டான். தண்ணீர் பச்சைக் கண்ணாடி. கூரையில் இருந்து இறங்கிய சுண்ணாம்புத் தூண் ஒன்று தண்ணீரைத் தொட ஒரு சாண்தான் மிச்சம். அது தொடுவதற்கு இன்னும் எத்தனை தலைமுறை ஆகுமோ என்று நான் வாயைப் பிளந்துகொண்டிருக்க, மனோ என் தோளில் இடித்தாள்.

"முப்பது வருசம் சம்பளம் வாங்கிக்கொண்டு நிலத்துக்குக் கீழ இருந்தனீங்கள். இப்ப டிக்கட் எடுத்து இறங்கியிருக்கிறீங்கள்."

நான் சிரித்தேன். படகில் இருந்த மற்றவர்களும் காரணம் தெரியாமலே சிரித்தார்கள். எங்கள் சுரங்கங்களில் சுண்டெலியும் இரும்புத் தூசும்தான், இங்கே மழை நின்றபிறகும் நாள்கணக்காகச் சொட்டும் தண்ணீர். மனிதர் தோண்டிய இருட்டும் தண்ணீர் தோண்டிய இருட்டும் ஒன்றில்லை என்று அந்தப் படகில்தான் எனக்குப் பட்டது.

திரும்பும்போது ஒரு டிராக்டருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டோம். ஒற்றைத் தெரு, இரண்டு பக்கமும் கல்மதில். டிராக்டர் ஓட்டியவர் வழியில் கண்ட எல்லோரோடும் நின்று கதைத்தார். நான் ஹோர்ன் அடிக்கப் போனேன். மனோ என் கையைப் பிடித்தாள். "விடுங்கோ. அவையளுக்கு ஏதோ முக்கியமான கதை" என்றாள். பிரெஞ்சில் ஒரு சொல்லும் தெரியாதவள் அதை எப்படிக் கண்டாள் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. ரொக்கமதூர் என்ற ஊர் ஒரு மலைச்சுவரில் ஒட்டி வைத்ததுபோல நிற்கிறது. கீழே வீடுகள், அவற்றின் தலையில் கோயில்கள், அவற்றின் தலையில் கோட்டை. பழைய காலத்தில் யாத்திரைக்காரர்கள் அந்தப் படிகளை முழங்காலால் ஏறினார்களாம். மனோவுக்கு இதில் ஒன்றும் புதுமையில்லை. நல்லூர்க் கோயில் வீதியில் உருண்டு பிரதட்டை பண்ணுகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவள். "பாவம், கல்லுப்படி. எங்களுக்காவது மணல்" என்றாள்.

மேலே சிறிய தேவாலயத்துக்குள் ஒரு கறுத்த மாதா இருக்கிறார். வால்நட் மரத்தில் செதுக்கிய சின்னச் சிலை. ஒடுங்கின முகம், மடியில் பிள்ளை. கூரையில் பழைய இரும்பு மணி ஒன்று தொங்குகிறது. தூரக் கடலில் மாலுமிகள் கூப்பிட்டு அழுதால் அது தானாக அடிக்கும் என்பது நம்பிக்கை. பிழைத்து வந்தவர்கள் காணிக்கையாகத் தந்த சின்னக் கப்பல்களும் அங்கே தொங்குகின்றன. மனோ சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு உள்ளே போனாள். ஒரு பிரெஞ்சுக்காரி அதைப் பார்த்துத் தன் புருசனிடம் ஏதோ சொன்னாள், பிறகு தானும் தொப்பியைக் கழற்றினாள். மனோ நீண்ட நேரம் கைகூப்பி நின்றாள்.

"என்ன கேட்டனீர்?" என்றேன் வெளியே வந்ததும்.

"அம்மனிட்ட கேட்டதைச் சொல்லக்கூடாது."

"சும்மா சொல்லும்."

"உங்களுக்கு உந்த வீட்டு விசர் தெளியவேணும் எண்டு கேட்டனான்."

சாப்பாட்டுக் கடையில் அன்றைக்கு எங்கள் வெள்ளிக்கிழமை விரதம் பெரும்பாடு பட்டது. மரக்கறி வேண்டும் என்று தொலைபேசியில் மொழிபெயர்த்துக் காட்டினேன். பரிசாரகர் உற்சாகமாகத் தலையாட்டி, கீரையும் வால்நட்டும் போட்ட அழகான சாலட் ஒன்றைக் கொண்டுவந்தார். கீரைக்கு அடியில் இறைச்சித் துண்டுகள். நான் சுட்டிக்காட்டினேன். அவருக்கு உண்மையாகவே மனம் புண்பட்டது. "இது இறைச்சி இல்லை ஐயா, வாத்து" என்றார். கடைசியில் ஆட்டுப்பால் சீஸை வாட்டிப் பாண் ரொட்டியில் வைத்துத் தந்தார்கள். கைக்கடக்கமான வட்டம், உள்ளே இளகியிருந்தது. மனோ என் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டாள். எனக்கு அது நல்ல சகுனமாகத் தெரிந்தது.

சனிக்கிழமை பெஷ் மெர்ல் குகை. இதைப் பற்றி என்னால் அதிகம் எழுத முடியாது. குகைச் சுவரில் புள்ளி போட்ட இரண்டு குதிரைகள், அவற்றைச் சுற்றி மனிதக் கைகள். கையைக் கல்லில் வைத்து மேலே சாயம் ஊதியிருக்கிறார்கள். கையை எடுத்தபின் அந்த வடிவம் மட்டும் வெளிறி நிற்கிறது. எங்கள் சரித்திரம், அவர்கள் சரித்திரம் எல்லாம் தொடங்குவதற்கு எவ்வளவோ முந்திய கைகள். ஓரிடத்தில் களிமண்ணில் ஒரு பிள்ளையின் காலடி. நேற்று மழைக்குள் ஓடிப்போன பிள்ளையின் காலடி மாதிரி இருந்தது.

மனோ தன் கையை அந்தக் கைக்கு நேரே, தொடாமல், காற்றில் பிடித்துப் பார்த்தாள். வெளியே வெயிலுக்கு வந்தபின், "ஆரெண்டே தெரியாது. ஆனா அந்தாளுக்கு ஒவ்வொரு நாளும் சனம் வருது" என்றாள். அவள் எதை நினைத்துச் சொன்னாள் என்று தெரிந்தது. நான் காரை எடுத்தேன்.

ஞாயிறுக் காலைதான் அது நடந்தது.

நான் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். "இஞ்சருங்கோ, கெதியா வாங்கோ" என்று மனோ ஜன்னலில் நின்று கூப்பிட்டாள். ஓடெத் மதாமின் வளவில் இரண்டு ஆண்கள் வெள்ளைப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு வேனில் இருந்து மடக்குக் கதிரைகளை இறக்கினார்கள். பெண்கள் துணியால் மூடிய பாத்திரங்களோடு வந்தார்கள். ஓடெத் மதாம் கடும் நீல உடுப்பில், நடுவில் போட்ட ஒரு கதிரையில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். வந்தவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து அவருடைய கன்னத்தில் கொஞ்சினார்கள். ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். கோயில் மணி வேறு அடிக்கத் தொடங்கியது.

பந்தல், கதிரை, மூடின சட்டி, மணி. யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருவருக்கு இதைவிட வேறென்ன சொல்ல வேண்டும்?

"பாவம், அந்த மனுசன் போயிட்டார்" என்றாள் மனோ.

எனக்கும் சந்தேகம் வரவில்லை. அவள் முகத்தில் நான் ஐந்து நாளும் காணாத ஒரு தெளிவு வந்துவிட்டது. என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியும். அரிசி உலையில் ஏறியது. கொண்டுவந்த மைசூர்ப் பருப்பு வெந்தது. மதாம் தந்த பூசணிக்காய் கறியானது. "தூளைக் குறைச்சுப் போடும், அவைக்கு உறைக்கும்" என்றேன். "எனக்குத் தெரியும்" என்றாள். பெட்டியின் அடியில் இருந்த கஞ்சி நிறச் சேலை வெளியே வந்தது.

நான் சோற்றுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். மனோ பருப்புச் சட்டியை வழியில் நின்ற ஒருவரின் கையில் கொடுத்தாள், நேரே போனாள், ஓடெத் மதாமின் கழுத்தைக் கட்டிப்பிடித்தாள். "ஐயோ அம்மா, தனிய விட்டிட்டுப் போயிட்டாரே" என்று அழுதாள். ஒப்புக்கு அழவில்லை. எந்தச் செத்தவீட்டிலும் அவள் ஒப்புக்கு அழுததில்லை.

பந்தலுக்குள் சத்தம் நின்றது. அப்போதுதான் பின்னால் இருந்த நீள மேசையில் வைன் போத்தல்களைக் கண்டேன். ஒருவர் மடியில் அக்கோடியன் வைத்திருந்தார். பந்தல் காலில் கலர்க் கடதாசி சுற்றியிருந்தது. கையில் சோற்றுச் சட்டியோடு நின்ற எனக்கு நிலம் பிளந்து விழுங்கினால் நல்லது என்று இருந்தது. பதிராக்கில் செய்த மாதிரி.

ஓடெத் மதாம் முதலில் தடியாக விறைத்துப்போனார். பிறகு அவருடைய கறுத்த கைகள் மெல்ல மேலே வந்து மனோவின் முதுகைப் பற்றின. பிறகு அவர் அழத் தொடங்கினார். மனோவைவிடப் பெரிய சத்தத்தில், நிறுத்தாமல் அழுதார். ஒருவரும் அசையவில்லை. ஒரு நடுத்தர வயதுப் பெண் வீட்டுக்குள் இருந்து ஓடிவந்து, பாதி வழியில் நின்று, வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவள்தான் இசபெல், மதாமின் மகள். பக்கத்து நகரத்துப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிறாள். நான் அவளிடம் தலைகுனிந்து, "மன்னிக்கவேண்டும், யாரோ இறந்துவிட்டதாக நினைத்தோம்" என்றேன்.

"அப்பா இறந்தார்" என்றாள் அவள். "போன பெப்ரவரியில். இன்று வால்நட் அறுவடை முடிந்த சாப்பாடு. ஒவ்வொரு வருடமும் இந்த வளவில்தான் நடக்கும், அப்பாதான் பந்தல் போடுவார். காலையில் இருந்து நாங்கள் எல்லோரும் அவரைப் பற்றிப் பேசக்கூடாது என்று கவனமாக இருந்தோம், அம்மா அழுதுவிடுவார் என்று. அடக்கத்தன்றுகூட அவர் அழவில்லை. ஆளுக்கு ஆள் காப்பி பரிமாறிக்கொண்டு நின்றார்."

வாசலில் இருந்த சப்பாத்தை நான் திரும்பிப் பார்த்தேன். அதை அங்கிருந்து எடுக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை போலும்.

மனோவுக்கு விஷயம் விளங்கியதும் வெட்கத்தில் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு திரும்பிப் போகப் பார்த்தாள். ஓடெத் மதாம் விடவில்லை. கையைப் பிடித்துத் தன் பக்கத்துக் கதிரையில் உட்காரவைத்தார். அதற்குப் பிறகு எல்லோரும் செத்துப்போனவரைப் பற்றித்தான் கதைத்தார்கள். அவர் பந்தல் போட்டால் ஒரு கால் எப்போதும் சரிவாகத்தான் இருக்குமாம், ஒருமுறை பந்தலே சூப்புக்குள் விழுந்ததாம். மதாம் அழுதுகொண்டே சிரித்தார். பருப்பைப் பாணில் தொட்டுச் சாப்பிட்டார்கள். தொப்பி போட்ட, பக்கத்து வால்நட் தோப்புக் கமக்காரர் ஒருவர் பூசணிக்கறியைச் சாப்பிட்டு இருமி, தண்ணீர் குடித்து, மறுபடியும் தட்டை நீட்டினார்.

வைன் சுற்று முடிகிற நேரத்தில் மனோ இசபெலிடம் தன் கேள்வியைக் கேட்டே விட்டாள். நாங்கள் எதிர் வீட்டை வாங்கி, இங்கேயே செத்தால், யார் வருவார்கள்? இசபெல் அதைத் தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தாள். ஓடெத் மதாம் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"நான் வருவேன். ஆனால் என் வயதைப் பாருங்கள். நீங்கள்தான் என்னுடையதற்கு வரவேண்டியிருக்கும்."

"வருவம் எண்டு நீங்களும் சொல்லுங்கோ" என்றாள் மனோ என்னிடம். நான் சொன்னேன். நாங்கள் எத்தனையோ பேருக்கு எத்தனையோ வாசலில் சொல்கிற வாக்கு என்றுதான் அப்போது நினைத்தேன்.

வீட்டை வாங்கவில்லை. திரும்பும் ரயிலில் மனோ என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்ல சனம். ஆனா எங்கட ஆக்களை விட்டிட்டு வர எனக்கு ஏலாது" என்றாள். அவள் அப்பாவை நினைத்துக்கொண்டேன், மறுத்துப் பேசவில்லை. ஆனால் உள்ளே கோபமும் இருந்தது, மறைப்பதற்கில்லை. இல்ஃபோர்டில் எங்கள் ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுக் குப்பைத்தொட்டி தெரியும். சில கிழமைகள் அந்த ஜன்னலை நான் திறக்கவே இல்லை.

மனோவும் இசபெலும் தொலைபேசியில் எழுதிக்கொண்டிருந்தார்கள். பருப்பு எப்படிக் காய்ச்சுவது, மதாமுக்கு முழங்கால் எப்படி என்று. ஜனவரியில் ஒருநாள் மனோ வேலையில் இருந்து நேரத்தோடு வந்தாள். மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் பெட்டியை இறக்கினாள். ஓடெத் மதாம் நித்திரையிலேயே போய்விட்டார் என்று இசபெல் எழுதியிருந்தாள். லண்டனில் என்றால் அடக்கத்துக்கு இரண்டு கிழமை எடுக்கும், அங்கே சில நாள்தான். "லீவு சொல்லிட்டன். வெளிக்கிடுங்கோ" என்றாள்.

இந்தமுறையும் மத்தியானத்தில்தான் போய் இறங்கினோம். கடை பூட்டுத்தான். ஆனால் நிலையத்து வாசலில் அந்தத் தொப்பிக் கமக்காரர் தன் பழைய வேனோடு நின்றார்.

மரமெல்லாம் மொட்டையாக நின்றது. தேவாலயம் நிறைந்து, வெளிவாசல் வரைக்கும் சனம். ஒவ்வொருவராகப் போய்ச் சின்னக் கிளையால் பெட்டியின் மேல் தண்ணீர் தெளித்தார்கள். எங்கள் பக்கத்தில் வாய்க்கரிசி போடுகிற மாதிரித்தான், அதே வரிசை, அதே மௌனம். மேல்கோட்டுக்குக் கீழே கஞ்சி நிறச் சேலை தெரிய மனோவும் போய்த் தெளித்தாள். திரும்பி வருகையில் கமக்காரர் அவளைப் பார்த்து ஏதோ மெல்லச் சொன்னார். சுற்றி நின்றவர்கள் அழுகைக்குள் சிரித்துவிட்டார்கள். இசபெல் எங்களுக்குச் சொன்னாள்:

"இந்தமுறை சரியான நாளில் வந்திருக்கிறீர்கள், மதாம் என்கிறார்."

மனோவும் சிரித்தாள். அதன் பிறகு அவளால் அழுகையை நிறுத்த முடியவில்லை. வாங்கில் இருந்த எல்லோரும் அவளுக்கு இடம் விட்டு நகர்ந்தார்கள். யாரோ ஒரு பெண், எனக்குப் பெயர் தெரியாது, அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டாள்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தோம். வாசலில் இப்போது இரண்டு சோடிச் சப்பாத்து இருந்தது. மனோ குசினிக்குள் போய் ஒருவரையும் கேட்காமல் பருப்பைக் காய்ச்சினாள். எல்லோரும் சாப்பிட்டு முடிய இசபெல் சொன்னாள், இனி இந்த வீட்டைப் பூட்டவேண்டியதுதான், தான் நகரத்தில் மாடிவீட்டில் இருப்பதாக. அறுவடைச் சாப்பாட்டை அடுத்த வருடம் எங்கே வைப்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

வெளிக்கிடும்போது தெருவைக் கடந்தோம். எதிர்வீட்டில் விற்பனைப் பலகை இன்னும் தொங்கியது. நான் வேண்டுமென்றே அதைப் பார்க்கவில்லை. கொஞ்சத் தூரம் போனபின்தான் மனோ பக்கத்தில் இல்லை என்று தெரிந்தது. திரும்பிப் பார்த்தேன். படலையைத் திறந்து உள்ளே போயிருந்தாள். சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்து, ஈர இலைகளுக்குள் அந்தப் பெரிய வளவை இந்தப் பக்கம் இருந்து அந்தப் பக்கம் எட்டி எட்டி நடந்து அளந்தாள்.

"என்ன செய்யிறீர்?"

"நூலகத்தை நான் விடுறன். மூண்டு மாசம் இஞ்ச, மூண்டு மாசம் இல்ஃபோர்ட். அப்பிடி இருக்க ஏலும்தானே?"

தலையாட்டினேன். அவள் நடுவளவில் நின்று மேலே பார்த்தாள்.

"இஞ்சருங்கோ, இதில பந்தல் போட்டா அந்த மரக்கொப்பு இடிக்குமோ?"

இடிக்காது என்றேன். கண் நிறைந்திருந்ததில் எனக்கு மரமே தெரியவில்லை.